‘ஃப்ரீ’ன்னா இலவசம் இல்ல தம்பி! ரிஃபைனரி சப்-கான்ட்ராக்ட் எடுக்குறவங்களுக்கு அக்காவின் டிப்ஸ்

முதல் வொர்க் ஆர்டர் கைக்கு வந்துடுச்சா? சந்தோஷம். ஸ்வீட் அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல அந்தப் பேப்பரை எடுத்துட்டு வந்து இப்படி உட்காரு. மணலியில பைப்பிங் வேலை பண்ற ஒரு சின்னப் பட்டறையோட ஆபீஸ் ரூம்ல இருபது வருஷத்துக்கு மேல பில்லும் ஃபைலுமா குப்பை கொட்டினவ நான். வெல்டிங் ராடு பிடிக்க எனக்குத் தெரியாது. ஆனா நல்லா போட்ட ஜாயின்ட்டுக்கு ஏன் காசு வரலைன்னு கேளு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

இத்தனை வருஷத்துல நான் பார்த்தது என்னன்னா, தெரியாத வார்த்தையால யாரும் கெடுறதில்ல. ‘பிடபிள்யூஎச்டி’ன்னு இருந்தா பயந்துபோய் நாலு பேர்கிட்ட கேட்டுடுவே. வெல்டுக்கு அப்புறம் பண்ற சூடேத்தம்னு தெரிஞ்சுக்குவே. தெரிஞ்ச மாதிரி இருக்குற வார்த்தைதான் ஆளைக் கவுக்கும். ஹாட், கோல்ட், ஃப்ரீ, 2 இன்ச், கம்ப்ளீட். இதையெல்லாம் போய் யார்கிட்டயாவது கேட்போமா? மாட்டோம். ‘சரி சார்’னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம்.

இந்தத் தொழிலோட பேச்சே ஒரு கலவை. மணலி ரிஃபைனரியையே எடுத்துக்கோ. 1965-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு கம்பெனி ஆரம்பிச்சப்போ இந்திய அரசோட ஒரு அமெரிக்கக் கம்பெனியும் ஈரான் நாட்டு எண்ணெய் நிறுவனமும் பங்காளிங்க. 1969-ல ஓட ஆரம்பிச்சது. இன்னிக்கு சிபிசிஎல். பைப்புக்கும் ஃப்ளேஞ்சுக்கும் அமெரிக்க ஸ்டாண்டர்டுதான், அதனால அவங்க இன்ச்சும் பவுண்டும் நம்ம மீட்டரும் கிலோவும் ஒரே டிராயிங்ல குடித்தனம் நடத்துது. சண்டை வந்தா அடி உனக்கு.

1. 2 இன்ச் பைப் 2 இன்ச் இருக்காது

சிரிக்காதே. 2 இன்ச் பைப்போட வெளி விட்டம் 60.3 மி.மீ. டேப் வச்சு 50.8-னு கணக்குப் போட்டு யூ-போல்ட் வாங்கிட்டு வந்த ஆளை எனக்குத் தெரியும். 12 இன்ச் வரைக்கும் இப்படித்தான், பேர் ஒண்ணு, அளவு ஒண்ணு. 12 இன்ச்சோட வெளி விட்டம் 323.9 மி.மீ. 14 இன்ச்சுலேர்ந்துதான் பேரும் வெளி விட்டமும் ஒண்ணாகும், 355.6.

‘ஷெட்யூல்’னா டைம் டேபிள் இல்ல, பைப்போட கனம். 6 இன்ச் ஷெட்யூல் 40-ன்னா 7.11 மி.மீ. அதே 6 இன்ச் ஷெட்யூல் 160-ன்னா 18.26. மீட்டருக்கு 28 கிலோ இருந்த பைப் 67 கிலோவைத் தாண்டிடும். ரெண்டு பேர் தூக்குறதா, ஹைட்ரா கூப்பிடறதாங்கிறது இந்த ஒரு நம்பர்ல இருக்கு.

ஃப்ளேஞ்ச்ல ‘150 பவுண்டு’ன்னு சொல்றது அது தாங்குற பிரஷர் இல்ல, கிளாஸோட பேர். சாதா கார்பன் ஸ்டீல்ல, சாதா வெப்பத்துல அது 285 பிஎஸ்ஐ தாங்கும், சூடு ஏற ஏற இறங்கும். லாரியிலேர்ந்து இறக்குறப்பவே ஓட்டையை எண்ணு. 2 இன்ச் 150-ல 4, 300-ல 8. இறக்கி, கையெழுத்துப் போட்டு, லாரியும் போனதுக்கு அப்புறம் எண்ணினா என்ன பிரயோஜனம்?

2. ரேட் பேசறதுக்கு முன்னாடி ‘இன்ச்-டயா’வைப் பிரிச்சுப் பாரு

வெல்டிங் வேலைக்குக் கூலி பெரும்பாலும் இன்ச்-டயா கணக்குலதான். ஒரு 6 இன்ச் ஜாயின்ட் 6 இன்ச்-டயா. சுலபமா இருக்குல்ல? இங்கதான் மாட்டுவே.

6 இன்ச்சுல 20 ஜாயின்ட் போட்டா 120 இன்ச்-டயா. ஒன்றரை இன்ச்சுல 80 ஜாயின்ட் போட்டாலும் அதே 120. பில்லுல ரெண்டும் ஒரே தொகை. ஆனா 80 தடவை ஃபிட்டர் குனிஞ்சு நிமிரணும், 80 தடவை கிரைண்டர் ஓடணும், 80 ஜாயின்ட்டுக்கும் தனித்தனியா ரிப்போர்ட் எழுதணும். அப்புறம் கனம். ஷெட்யூல் 160-ல போடுற 6 இன்ச் ஜாயின்ட்டும் 6 இன்ச்-டயாதான். ராடும் நேரமும் மடங்கு மடங்கா போகும். கனத்துக்குத் தனி ரேட்டோ ‘திக்னஸ் ஃபேக்டரோ’ உண்டான்னு கேளு. ‘எல்லாம் ஆவரேஜ் ஆயிடும் தம்பி’ன்னு சொன்னா, ‘சரி, சைஸ்வாரியா எத்தனை ஜாயின்ட்னு ஷீட் குடுங்க’ன்னு கேளு. ஷீட் வராம ரேட் சொல்லாதே.

பைப் தூக்கி வைக்கிற வேலை ‘இன்ச்-மீட்டர்’. 6 இன்ச் பைப் 10 மீட்டர் போனா 60. இதையும் இன்ச்-டயாவையும் குழப்பிக்காதே. ரெண்டும் சேர்ந்த ஒரே ரேட்டா, தனித்தனியாங்கிறது எழுத்துல இருக்கட்டும்.

3. ‘இது சம்பந்தப்பட்ட எல்லா வேலைகளும் உட்பட’

ஐட்டத்தோட கடைசியில இந்த ஒரு வரி பவ்யமா உட்கார்ந்திருக்கும். அது வாயைத் திறந்தா ஸ்காஃபோல்டிங், கிரேன், லைட்டிங், கிரைண்டிங் வீல், பழைய இன்சுலேஷனைப் பிரிக்கிறது, ஹைட்ரோ டெஸ்ட் பம்ப், தண்ணி டேங்கர்னு வரிசையா உன் தலையில வந்து விழும். ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு போட்டு மூணு பத்தி பண்ணு: நான் தர்றது, அவங்க தர்றது, யார்னு தெரியாதது. மூணாவது பத்தியை மெயில்ல அனுப்பி பதில் வாங்கு. வாய்ப்பேச்சுக்கு பில் போட முடியாது.

தண்ணியை லேசா நினைக்காதே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனுக்குக் குளோரைடு அதிகமான தண்ணியை ஊத்தி டெஸ்ட் பண்ணக் கூடாது, பைப் வெடிப்பு விட்டுடும். நம்ம பக்கத்து உப்புத் தண்ணி போர் இதுக்கு ஆகவே ஆகாது. நல்ல தண்ணி டேங்கர் யார் கணக்கு?

4. ‘ஃப்ரீ இஷ்யூ மெட்டீரியல்’: இதுலதான் நான் அழுதேன்

பைப்பையும் ஃப்ளேஞ்சையும் ஓனரே தருவாங்க, நீ காசு குடுக்க வேண்டாம். அதனால ‘ஃப்ரீ’. ஆனா வாங்கின ஒவ்வொரு மீட்டருக்கும் கடைசியில கணக்குக் காட்டணும். அதுக்கு ‘ரீகன்சிலியேஷன்’னு பேர். வாங்கினது, போட்டது, திருப்பிக் குடுத்தது, கழிவு. கழிவுக்கு ஒரு சதவிகிதம் அனுமதி இருக்கும். அதைத் தாண்டினா பைப் விலையோட அபராதமும் சேர்த்துப் பிடிப்பாங்க.

நாங்க எடுத்த முதல் ஷட்டவுன் வேலை. பேர் வேண்டாம். பசங்க மும்முரமா வேலை பார்த்தாங்க. 6 மீட்டர் பைப்பை வெட்டி, வேண்டியதை எடுத்துட்டு மிச்சத்தை கேபின் பின்னாடி போட்டுட்டே வந்தாங்க. ஒரு மீட்டர், ஒண்ணேகால் மீட்டர்னு நல்ல துண்டுங்க. கடைசியில ஸ்டோர்காரர் வந்தார், டார்ச் அடிச்சு ஒவ்வொரு துண்டையும் உருட்டிப் பார்த்தார். ‘ஹீட் நம்பர் எங்கம்மா?’ன்னார். அதாவது, அந்த இரும்பு எந்த உலைக் கொதிப்புல வந்ததுன்னு பைப் மேல இருக்குற நம்பர். அது பைப்போட ஒரு முனையில மட்டும்தான் இருந்தது. வெட்டினப்ப நம்பர் இருந்த பாகம் லைனுக்குப் போயிடுச்சு. மிச்சத் துண்டெல்லாம் அப்பா பேர் தெரியாத பிள்ளையா நின்னுச்சு. எது எந்த கிரேடுன்னு நிரூபிக்க முடியல. மொத்தமும் ஸ்கிராப்னு எழுதிட்டாங்க. அந்த வேலையில எங்களுக்கு வர வேண்டிய லாபம் அந்தக் குவியல்ல போச்சு.

அதனால, வெட்டறதுக்கு முன்னாடி ஹீட் நம்பரை ரெண்டு பக்கமும் மாத்தி எழுது. பெயின்ட் மார்க்கர் போதுமா, பஞ்ச் அடிக்கணுமான்னு க்யூசி ஆளைக் கேட்டுக்கோ. மிச்சத் துண்டை அந்தந்த வாரமே ஸ்டோர்ல குடுத்து ரசீது வாங்கு. வெட்டற ஃபிட்டர் கையிலேயே மார்க்கரைக் குடுத்துடு, சூப்பர்வைசர் பாக்கெட்ல இருந்தா வேலைக்கு ஆகாது.

5. பர்மிட் பேச்சு: இங்க போறது காசு இல்ல

இந்தப் பகுதியை மட்டும் உன் ஆளுங்க எல்லாருக்கும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டு. ஒடிசாவுலேர்ந்தும் பீகார்லேர்ந்தும் வந்த பசங்களுக்கு அவங்க பாஷையில சொல்ல ஒரு ஆளை வை.

‘ஹாட் வொர்க்’னா சூடான வேலை இல்ல, தீப்பொறி வரக்கூடிய எந்த வேலையும். வெல்டிங், கிரைண்டிங் மட்டும் இல்ல, டீசல் வண்டியை உள்ளே விடறதுக்கும், கான்கிரீட் உடைக்கிறதுக்கும் பல இடத்துல அந்த பர்மிட்தான் வேணும். ‘கோல்ட் வொர்க்’ பர்மிட்டை வச்சுக்கிட்டு ‘ஒரே ஒரு போல்ட்தான், டக்குனு கிரைண்டர் போட்டுடறேன்’னு சொல்றவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பு. நம்ம நாட்டு எண்ணெய் ஆலைகளோட பர்மிட் முறைக்கு ஓஐஎஸ்டி 105-னு தனி ஸ்டாண்டர்டே இருக்கு. பர்மிட் எந்த இடத்துக்கு, எத்தனை மணி வரைக்கும்னு எழுதியிருக்கோ, அவ்வளவுதான்.

‘எல்இஎல்’ மீட்டர்ல 10-னு காட்டினா காத்துல 10 சதவிகிதம் கேஸ்னு அர்த்தம் இல்ல. தீப்பிடிக்கத் தேவையான குறைஞ்ச அளவுல 10 சதவிகிதம். மீத்தேன் காத்துல 5 சதவிகிதம் இருந்தாலே பிடிச்சுக்கும். அப்போ மீட்டர்ல 10-ன்னா காத்துல அரை சதவிகிதம். ‘10 தானே, இன்னும் 90 இருக்கே’ன்னு ஒருத்தன் சொல்லி நான் காதால கேட்டிருக்கேன். மீட்டர்ல 100 வந்தா அங்க மீத்தேன் 5 சதவிகிதம்தான், ஆனா வெடிக்க அது போதும்.

‘பிளைண்ட்’னா ரெண்டு ஃப்ளேஞ்சுக்கு நடுவுல வைக்கிற இரும்புத் தட்டு. மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் ஓட்டையா இருந்தா ‘ஸ்பெக்டக்கிள் பிளைண்ட்’. ‘வால்வை மூடியாச்சு, போய் வேலை செய்’னு யாராவது சொன்னா நம்பாதே. வால்வு கசியும், தட்டு கசியாது. ‘பாசிடிவ் ஐசொலேஷன்’னா தட்டு போட்டிருக்கணும், இல்ல பைப்பையே கழட்டியிருக்கணும். பிளைண்ட் லிஸ்ட்ல நம்பர் பார்த்து, நீயே நேர்ல போய்ப் பார்த்துட்டு ஆளை அனுப்பு.

‘நைட்ரஜன் பர்ஜ்’. காத்துல முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன்தானேன்னு அலட்சியம் வரும். டேங்க் முழுக்க அதுவே இருந்தா மூச்சுக்கு ஆக்சிஜன் இல்ல. வாசனை இல்ல, நிறம் இல்ல, எரிச்சல் இல்ல. உள்ள தலையை விட்டவன் ரெண்டு மூச்சுல விழுந்துடுவான், காப்பாத்தப் போறவனும் அப்படியே விழுவான். ‘கன்ஃபைன்ட் ஸ்பேஸ்’ல ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5-க்கும் நடுவுல இருக்கணும். வெளியே நிக்கிற ‘ஹோல் வாட்ச்’ டீ குடிக்கப் போகக் கூடாது. டீயை அவன்கிட்ட கொண்டு போ.

‘எச்டூஎஸ்’, அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற விஷ வாயு. நாத்தம் நின்னா வாயு போயிடுச்சுன்னு நினைக்காதே. 100 பிபிஎம் பக்கம் போனா மூக்கு மரத்துப்போகும். மூக்கை நம்பாதே, மீட்டரை நம்பு.

6. கட்டறதுக்கு முன்னாடி காகிதம்

டிராயிங்ல ‘ஐஎஃப்சி’ன்னு முத்திரை இருக்கான்னு பாரு. கட்டுமானத்துக்கு வெளியிட்டதுன்னு அர்த்தம். ‘ஐஎஃப்ஆர்’னா இன்னும் பார்த்துக்கிட்டிருக்காங்க. அதை வச்சு பைப் வெட்டினா, மாத்தி வெட்டற கூலி உன்னுது.

பைப் நீ வாங்கித் தர்ற வேலையா? டெஸ்ட் சர்டிஃபிகேட் ‘3.1’-ஆ ‘3.2’-ஆன்னு கேட்டுட்டு வாங்கு. 3.1-ன்னா தயாரிச்ச கம்பெனியோட தனி சோதனைப் பிரிவு கையெழுத்து. 3.2-ன்னா வெளியிலேர்ந்து வந்த இன்ஸ்பெக்டரோட கையெழுத்தும் வேணும். விலையும் ஏறும், நாளும் ஆகும். பைப் வந்து இறங்கினதுக்கு அப்புறம் 3.2 கேட்டா ஊர் முழுக்க ஓடணும்.

‘ஹோல்ட் பாயின்ட்’னா இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் கை வைக்காதே. ‘விட்னஸ் பாயின்ட்’னா முறையா எழுதிக் கூப்பிடு, வரலேன்னா வேலையைத் தொடரலாம். ரெண்டையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டு போட்ட ஜாயின்ட்டை வெட்டினவங்க நிறைய.

வெல்டர் 6ஜி பாஸ் பண்ணின கார்டு வச்சிருந்தா மட்டும் போதாது. ஏஎஸ்எம்இ கணக்குல, ஆறு மாசம் அந்த முறையில வெல்டு பண்ணாம இருந்தா அந்தத் தகுதி காலாவதி. யார் எந்த மாசம் எங்க போட்டாங்கன்னு ஒரு நோட்டு வை.

‘கோல்டன் ஜாயின்ட்’, பேரைக் கேட்டு மயங்காதே. ஏற்கெனவே இருக்குற பழைய லைனோட புது லைன் சேர்ற இடம். தண்ணி நிரப்பி டெஸ்ட் பண்ண வழி இருக்காது, அதனால நூத்துக்கு நூறு எக்ஸ்ரே மாதிரியான சோதனை. உன்கிட்ட இருக்குறதுலயே நிதானமான வெல்டரை அதுக்கு வை. வேகமானவன் வேண்டாம். அந்த ரேடியோகிராபி பெரும்பாலும் ராத்திரியிலதான் நடக்கும், கதிர்வீச்சுக்காக கயிறு கட்டி எல்லாரையும் வெளியே அனுப்பிடுவாங்க. உன் நைட் ஷிப்ட் அன்னிக்கு சும்மா உட்காரும். முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு ஆளைக் குறை.

7. ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம்

- ஆர்எஃப்ஐ: க்யூசி ஆள் சொன்னா ‘வந்து இன்ஸ்பெக்ஷன் பண்ணுங்க’, டிசைன் ஆள் சொன்னா ‘விளக்கம் குடுங்க’.
- எம்ஓசி: டிராயிங்ல இருந்தா எந்த உலோகம்னு அர்த்தம். சேஃப்டி மீட்டிங்ல வந்தா, ஆலையில எதையாவது மாத்தறதுக்கு வாங்குற ஒப்புதல்.
- பிஎஸ்வி: ரிஃபைனரியில பிரஷர் ஏறினா திறக்குற சேஃப்டி வால்வு. கடல் பக்கம் போனா சரக்குக் கப்பல்.

சந்தேகம் வந்தா ‘எந்த ஆர்எஃப்ஐ சார்?’னு கேளு. வெட்கப்படாதே. கேக்குறவனைப் பார்த்து ஒரு நிமிஷம் சிரிப்பாங்க, கேக்காதவனுக்கு பில் நிக்கும்.

காரைக்கால் பக்கமோ, கல்ஃப்லயோ எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க ‘ஃபிஷிங்’னா மீன் பிடிக்கிறது இல்ல, கிணத்துக்குள்ள அறுந்து விழுந்த சாமானை எடுக்குறது. ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ன்னா கிணத்து வாயில வால்வா அடுக்கி வச்சது. ‘மட்’ சாதாச் சேறு இல்ல, ரசாயனம் கலந்து பக்குவம் பண்ணின திரவம். ‘பிக்’னா பைப்லைனுக்குள்ள ஓடிச் சுத்தம் பண்ற கருவி. பிக் வருதுன்னு சொன்னா வேடிக்கை பார்க்க முன்னாடி போய் நிக்காதே, அது பின்னாடி பிரஷர் தள்ளிக்கிட்டு வரும்.

8. காசு வார்த்தைகள்

‘ஜேஎம்ஆர்’: ரெண்டு பக்கமும் சேர்ந்து அளந்து போடுற கையெழுத்து. மாசக் கடைசிக்கு வைக்காதே, வாரா வாரம் வாங்கு. இன்சுலேஷன் சுத்தினதுக்கு அப்புறம், மண்ணு மூடினதுக்கு அப்புறம் எதைக் காட்டி அளப்பே?

‘பேக்-டு-பேக்’: மேல இருக்குறவருக்கு வந்தாத்தான் உனக்கு. முடிஞ்சா ‘அல்லது பில் குடுத்த இத்தனை நாள்ல, எது முதல்லயோ’ன்னு சேர்க்கச் சொல்லு. மறுத்தா, உன் கையில மூணு மாசக் கூலி இருக்கான்னு பார்த்துட்டு இறங்கு.

‘எல்டி’, தாமதத்துக்குப் பிடிக்கிறது. வாரத்துக்கு அரை சதவிகிதம், மொத்தம் 5 வரைக்கும்னு நிறைய இடத்துல போடுவாங்க. 10 லட்சம் வேலைக்கு வாரம் 5,000. மொத்த ஆர்டர் மதிப்புக்கா, முடியாத மிச்சத்துக்கு மட்டுமாங்கிறதுதான் கேள்வி. பர்மிட் லேட்டா வந்த நாளையெல்லாம் மெயில் போட்டு வை. பின்னாடி அதுதான் உன் சாட்சி.

‘ஐடில்’, ‘ஸ்டாண்ட்பை’. ரெண்டும் சும்மா உட்கார்றதுதான். ஆனா ஸ்டாண்ட்பைக்கு ரேட் பேசியிருந்தா காசு வரும், ஐடிலுக்குச் சண்டைதான் வரும். ரேட் ஷீட்ல ஒரு வரி சேர்த்துடு.

‘கம்ப்ளீஷன்’, இதுதான் பெரிய பொறி. நீ கடைசி போல்ட்டை முறுக்கிட்டா உனக்கு முடிஞ்சது. அவங்களுக்கு ‘மெக்கானிக்கல் கம்ப்ளீஷன்’னு ஒண்ணு, ‘கமிஷனிங்’னு ஒண்ணு. நடுவுல ‘பஞ்ச் லிஸ்ட்’, மிச்சம் மீதிக் குறைகளோட பட்டியல். ‘ஏ’ பஞ்ச்னா அதை முடிக்காம அடுத்த கட்டம் போகாது, ‘பி’ அப்புறம் பண்ணலாம். பெயின்ட் உரிஞ்சதையெல்லாம் ‘ஏ’யில எழுத விடாதே, பக்கத்துல நின்னு பேசு. ‘டிஎல்பி’ன்னா நீ பழுதுக்குப் பொறுப்பா இருக்குற காலம், அது முடிஞ்சாத்தான் பிடிச்சு வச்ச ‘ரிட்டென்ஷன்’ பணம் வரும். அந்தக் காலம் உன் வேலை முடிஞ்ச நாள்லேர்ந்தா, மொத்த ப்ராஜெக்ட் முடிஞ்ச நாள்லேர்ந்தா? ரெண்டாவதுன்னா, நீ ஆறு வாரத்துல முடிச்ச வேலைக்கு மூணு வருஷம் காத்திருக்க வேண்டி வரலாம்.

இப்ப உன் வொர்க் ஆர்டரை எடு. பச்சை மார்க்கர்ல தெரியாத வார்த்தையைச் சுழி. சிவப்பு மார்க்கர்ல தெரிஞ்ச மாதிரி இருக்குற வார்த்தையைச் சுழி. பச்சையை நாளைக்குக் கேட்டுக்கலாம். சிவப்பை இன்னிக்கே, கேட் பாஸுக்கு போட்டோ எடுக்கப் போறதுக்கு முன்னாடியே கேட்டுட்டு வா. ஸ்டுடியோ ராத்திரி எட்டு வரைக்கும் திறந்திருக்கும்.